ஆறு வாரம் வரக்கூடாது

அந்தப் பையனை அவர்கள் கொண்டுவந்து விட்ட அன்று நான் வரவேற்பறைப் பக்கம் போனது தற்செயல். துவைத்த விரிப்புகள் நிறைந்த கூடையைத் தள்ளிக்கொண்டு போகையில், "கண்ணு, இங்க பாரு, அம்மாவைப் பாரு" என்று ஒரு குரல் கேட்டது. சிட்னிக்கு மேற்கே, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருந்த அந்தச் செங்கல் கட்டடத்துக்குள் நான் தமிழ் கேட்டது அதுவே முதல் தடவை. கூடையை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் கொழும்பில் தாதியாகப் பயிற்சி பெற்றவள். இங்கே அந்தப் படிப்பை முழுதாக ஏற்றுக்கொள்ளாததால் உதவித் தாதியாகத்தான் வேலை கிடைத்தது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்த பிள்ளைகளுக்கான விடுதி அது. "வீட்டில் வைத்திருந்தால் குடும்பம் முழுவதும் கெட்டுப்போகும், இவனை மறந்துவிட்டு மற்றப் பிள்ளையைப் பாருங்கள்" என்று டாக்டர்கள் அந்தக் காலத்தில் பெற்றோரிடம் முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் வந்து சேருவார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போனதில்லை.

பையனுக்கு ஐந்து ஆறு வயதிருக்கும். பேச்சு இல்லை. தாயின் சேலைத் தலைப்பை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, ஒரு காதைச் சுவரில் வைத்து எதையோ கேட்டபடி நின்றான். தகப்பன் கலியாணத்துக்குத் தைத்தது போன்ற ஒரு கோட்டுப் போட்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர்கள் என்பதும், அவருக்குச் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்பதும், பையன் கைக்குழந்தையாக இருக்கும்போது இந்த நாட்டுக்கு வந்தவர்கள் என்பதும் எனக்குப் பிறகு தெரியவந்தவை.

விடுதியை நடத்தும் தலைமைத் தாதியான எங்கள் மேட்ரன் அவர்களுக்கு எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தார். அவரைக் கொடுமைக்காரி என்று சொன்னால் பொய்யாகிவிடும். பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பொம்மைகளைத் தன் சம்பளத்தில் வாங்குகிறவர். ஆனால் விதி என்றால் அவருக்கு விதிதான்.

"ஆறு வாரத்துக்கு யாரும் வரக்கூடாது," என்றார் ஆங்கிலத்தில். "உங்களைப் பார்த்தால் அவன் முதலிலிருந்து அழத் தொடங்குவான். பழகட்டும். உங்கள் மனைவிக்கு இதைச் சொல்லுங்கள்."

தகப்பன் மனைவி பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கலாமாம்," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அவர் நிமிர்ந்தபோது அவருடைய கண் என் முகத்தில் முட்டியது. நான் தமிழ் என்பது அந்தக் கணத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அது கெஞ்சுகிற பார்வையா, எச்சரிக்கிற பார்வையா என்று எனக்குப் புரியவில்லை.

வெளியே போகும்போது அவள் என்னருகே நின்றாள். "நீங்க தமிழுங்களா?"

"ஓம்," என்றேன்.

"பாத்துக்குங்க சிஸ்டர். ஞாயித்துக்கிழமை வந்துருவேன்." அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. தகப்பன் கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "பார்க்கிறன், பயப்பிடாதேங்கோ," என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகு வந்த நாட்களில் பையன் வார்டுக் கதவை விட்டு நகரவில்லை. கம்பிக் கட்டிலில் படுக்க வைத்தால் இறங்கிவந்து கதவோடு ஒட்டி நிற்பான். வேகவைத்த பூசணிக்காயும் உருளைக்கிழங்கும் கரண்டியில் நீட்டினால் பல்லை இறுக்கிக்கொள்வான். நான் எனக்கு வந்த தமிழில் கூப்பிட்டுப் பார்த்தேன். "வா ராசா, ஒரு வாய் சாப்பிடு அப்பு." யாரோ தெருவில் போகிறார்கள் என்பதுபோல் நின்றான். பிறகுதான் அவன் தாய் கூப்பிட்ட விதம் நினைவு வந்தது. அவள் இழுத்துச் சொன்ன மாதிரியே, "கண்ணு, சாப்பிடலாம் வா," என்றேன்.

தலை திரும்பியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏமாந்தவன் போல மறுபடி கதவைப் பார்த்தான். ஆனால் வாய் கொஞ்சம் திறந்தது. என் கையாலேயே பிசைந்து ஊட்டினேன். மூன்றாவது வாயை விழுங்கினான்.

எனக்கு விடுமுறை என்றால் அன்று அவனுக்குப் பட்டினிதான். ஒரு விடுமுறை முடிந்து நான் திரும்பி வந்தபோது அவன் நெற்றி வீங்கியிருந்தது. சுவரில் தலையை மோதிக்கொள்கிறான் என்று தோல் தொப்பி ஒன்றை மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டிவிட்டிருந்தார்கள். தூங்கவைக்க ஏதோ மருந்துத் தண்ணீரும் கொடுத்திருந்தார்கள். அவன் கண் பாதி மூடி, எச்சில் வழிய, அப்போதும் கதவோரம்தான் உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் முழுக்க நான் வாசலைப் பார்த்தபடி வேலை செய்தேன். யாரும் வரவில்லை. நிம்மதியாக இருந்ததா, வேதனையாக இருந்ததா என்று கேட்டால், இரண்டும்தான்.

திங்கட்கிழமை காலை மேட்ரன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வரவேற்பறையில் அந்தத் தாய் தனியாக நின்றாள். சேலைக்கு மேலே ஆண்களுடைய கம்பளிச் சட்டை. கையில் ஒரு தூக்குச்சட்டி. ரயிலும் பஸ்ஸும் மாறி, கடைசி ஒரு மைல் தூரம் நடந்து வந்திருக்கிறாள். காரில் வந்த அன்று கண்ணில் பட்ட ரயில் நிலையப் பலகையை ஞாபகத்தில் வைத்திருந்ததாக என்னிடம் சொன்னாள். ஆங்கிலத்தில் அவளுக்கு இருந்தது நாலைந்து சொற்கள்தான்.

"இவள் ஏன் வந்தாள் என்று கேள்," என்றார் மேட்ரன்.

கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை பாக்கலாம்னு சொன்னாங்கல்ல சிஸ்டர். நேத்து கார் கெளம்பலைன்னு அவர் சொல்லிட்டார். அதான் இன்னிக்கு நானே வந்துட்டேன். தயிர்சோறு கொண்டாந்திருக்கேன். ஊட்டிட்டுப் போயிடறேன்னு சொல்லுங்க."

நான் அப்படியே சொன்னேன். மேட்ரனின் புருவம் சுருங்கியது. "ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொல்லவே இல்லை. ஆறு வாரம் என்றுதான் சொன்னேன். அதை அவளுக்குத் தெளிவாகச் சொல்லு."

இதை நான் சொன்னால் ஒரு புருஷன் சொன்ன பொய்யை அவன் பெண்சாதியின் முன்னால் உடைக்கிறேன். சொல்லாமல் விட்டால் அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு வருகிறது. இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆறு கிழமைக்கு ஆரும் வரக்கூடாதெண்டுதான் இவை அண்டைக்கு அவரிட்டைச் சொன்னவை," என்றேன்.

"ஆறு கெழமைன்னா?"

"ஆறு வாரம்."

அவள் மேட்ரனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவருகிட்ட சொன்னாங்களா? அவருக்குப் புரிஞ்சுதா?"

"ஓம்."

தூக்குச்சட்டியை மெல்லத் தரையில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சுவரோரம் இருந்த மர வாங்கில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்படின்னா நான் இங்கயேதான் இருப்பேன்னு சொல்லுங்க. புள்ளையைக் குடுத்தா கூட்டிட்டுப் போறேன்."

"தகப்பன்தான் கையெழுத்திட்டவர். அவர் வராமல் பிள்ளையை விடமுடியாது," என்றார் மேட்ரன். "அவள் இப்போது அவனைப் பார்த்துவிட்டுப் போனால் அவன் இன்னும் மோசமாவான். நான் இதை எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்."

அப்போது எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. "மேட்ரன், நான் ஊட்டினால் மட்டும்தான் அவன் சாப்பிடுகிறான். நான் இல்லாத நாளில் பட்டினி கிடக்கிறான்."

"நான் உன்னை மொழிபெயர்க்கத்தான் கூப்பிட்டேன்." குரல் உயரவில்லை. ஆனால் கன்னம் சிவந்துவிட்டது. "இந்த வேலை உனக்கு வேண்டுமா என்று யோசித்துக்கொள்."

தொழிற்சாலைக்குப் போன் போட்டார்கள். மேற்பார்வையாளரைப் பிடித்து, அவர் தகப்பனைத் தேடிப்பிடித்து, அவர் புறப்பட்டு வரவேண்டும். அதுவரை அவளோடு இருக்கும்படி மேட்ரன் எனக்குச் சொன்னார். காவலுக்கா ஆறுதலுக்கா என்று அவர் சொல்லவில்லை.

காத்திருக்கையில் அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். பையன் கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். ஒருமுறை பெரிய ரோட்டில் லாரிக்கு முன்னால் நின்றான். தங்கச்சிப் பாப்பா மேலே நாற்காலியைத் தள்ளிவிட்டு அவளுக்கு உதட்டில் தையல் போட்டார்கள். இரவெல்லாம் கத்துகிறான் என்று பக்கத்துக் குடித்தனக்காரர்கள் முறையிட, வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிவிட்டான். டாக்டர் இந்த இடத்தைச் சொன்னபோது புருஷன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றிருக்கிறார்.

"அவரு கெட்டவரு இல்லீங்க," என்றாள். "தூங்கியே ரொம்ப நாளாச்சு."

"பாப்பா இப்ப எங்கை?"

"பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன். அவுங்க பேருகூட எனக்குத் தெரியாது சிஸ்டர்."

அந்த நேரம் உள்ளே எங்கோ தட்டுகிற ஓசை கேட்டது. ஒரே சீராக, கனமாக. வார்டில் வேலை செய்கிற எனக்கு அது பழகிப்போன ஓசை. அவள் சட்டென்று எழுந்தாள்.

"அது அவன்தான்."

"இல்லை, வேறை பிள்ளையளும் அப்பிடி..."

"அவன்தான் சிஸ்டர். என் குரல் அவனுக்குக் கேட்டிருச்சு." கதவை நோக்கிப் போனாள். மேட்ரன் எழுந்து வந்து கதவுக்கு முன்னால் நின்றார். ஒருத்திக்கு மற்றவளின் மொழி தெரியாது. நடுவில் நான். தட்டுகிற ஓசை நிற்கவேயில்லை. அவள் மேட்ரனைத் தள்ளிவிடுவாள் என்றே நினைத்தேன். தள்ளினால் போலீஸைக் கூப்பிடுவார்கள், அதற்குப் பிறகு பிள்ளை கிடைக்கவே மாட்டான் என்று எனக்குத் தெரியும். அவள் தோளைப் பிடித்து, "தங்கச்சி, வேண்டாம். அவர் வரட்டும். என்னை நம்புங்கோ," என்றேன். அவள் தோள் கல்லாக இருந்தது. பிறகு மெல்ல இளகியது.

தகப்பன் தொழிற்சாலை நீலச் சட்டையோடு வந்தார். முழங்கை வரை எண்ணெய்க் கறை. வந்த வேகத்திலேயே, "ஏன்டி இங்க வந்தே? பாப்பா எங்க?" என்று கத்தினார்.

"பக்கத்து வீட்டம்மாகிட்ட."

"அவ யாரு என்னன்னே தெரியாதே! புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்களே," என்றாள் அவள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "ஆறு வாரம்னு சொல்லியிருந்தா நீ அவனை விட்டுட்டு வந்திருப்பியா?" என்று ஜன்னலிடம் சொன்னார்.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லும்படி மேட்ரன் கேட்கவில்லை. சிறிது நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர், தானே உள்ளே போய்ப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். தோல் தொப்பியை வழியில் கழற்றியிருந்தார். தாடையில் வார் பதிந்த கோடு சிவப்பாக இருந்தது. நெற்றியில் வீக்கம்.

தாய் கீழே குந்தி இரண்டு கையையும் நீட்டினாள். "கண்ணு."

பையன் அவளைப் பார்க்கவில்லை. அவள் கைகளுக்குப் பக்கத்தால் நடந்து போனான். அவள் நீட்டிய கைகள் அப்படியே நின்றன. அவன் நேரே தகப்பனிடம் போய், எண்ணெய்ச் சட்டையின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தான். அவர் அசையவில்லை. இன்னும் பலமாக, உடம்பு முழுவதும் சாய்ந்து இழுத்தான். அவனை வெளியே கூட்டிக்கொண்டு போகிறவர் எப்போதும் அவர்தான் என்று பின்னால் அறிந்தேன்.

"நெத்தியில என்னங்க இது?" என்று தகப்பன் என்னைக் கேட்டார்.

"சுவரிலை தலையை அடிக்கிறவர்."

"சாப்பிடறானா?"

மேட்ரன் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும். "நான் ஊட்டினா கொஞ்சம் சாப்பிடுவார். நான் வராத நாளிலை இல்லை," என்றேன். அதே வசனத்தை ஆங்கிலத்திலும் மேட்ரனுக்குச் சொன்னேன். ஒளித்துச் சொன்னதாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

தகப்பன் என் மேல் பாய்ந்தார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா யாருங்க பாக்கறது? எனக்கு ஷிப்ட் வேலை. இவ ஒருத்தி ரெண்டு புள்ளைகளை எப்படிப் பாப்பா? எல்லாரும் நல்லா பேசறீங்க. நீங்க வருவீங்களா? நீங்க வந்து பாத்துக்குவீங்களா?"

அவர் என்னிடம் பதிலை எதிர்பார்க்கவில்லை. என் வாயை அடைக்கச் சொன்ன சொல் அது. பையன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான்.

"வருவன்," என்றேன்.

"என்னது?"

"எனக்கு லீவு வாற நாளிலை வருவன். முழு நாளும் நிண்டு பாப்பன்."

அவர் என்னை நம்பவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் கால்கள் ஓர் அடி வாசல் பக்கம் நகர்ந்தன, பையன் இழுத்ததாலோ வேறெதாலோ. பிறகு மேட்ரனிடம் திரும்பி, கூட்டிப்போகிறேன் என்றார்.

"இந்தக் கட்டிலுக்கு வேறு குடும்பங்கள் காத்திருக்கின்றன," என்றார் மேட்ரன். "அடுத்த வாரம் முடியவில்லை என்று திரும்பி வந்தால் இடம் இருக்காது. இதை இருவருக்கும் புரிகிற மாதிரிச் சொல்லு." நான் சொன்னேன். தாய் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள். கார் வெளியே போகும்வரை மேட்ரன் படியில் நின்றார். பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டு, தகப்பனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார்; நான் சொன்னதும், விடுதிக் குடும்பங்களின் வீட்டுக்குப் போவது வேலைக்காரருக்கு அழகல்ல என்று கண்டித்தார். "அவன் இப்போது விடுதிப் பிள்ளை இல்லையே, மேட்ரன்," என்றேன்.

அன்று பின்னேரம் என் கணவர் குசினிக் கதிரையில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். "உமக்கென்ன விசரே? ஊர் பேர் தெரியாத ஆக்களுக்கு வாக்குக் குடுத்திட்டு வந்து நிக்கிறீர். வேலை போனா என்ன செய்யிறது?"

"போகாது."

"எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுதான்."

தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "எந்த நாள் போகோணும்? நான் கொண்டுபோய் இறக்கிவிடுறன்," என்றார்.

முதல் மாதங்களைப் பற்றி இனிப்பாகச் சொல்ல எதுவும் இல்லை. பையன் என் மணிக்கட்டைக் கடித்தான். தழும்பு இப்போதும் இருக்கிறது. நான் உள்ளே வந்தால் தகப்பன் வெளியே போய்விடுவார். தாய் நான் இருக்கும் நேரத்தில் ஒரு மூலையில் சுருண்டு படுத்து, அடித்துப்போட்டது போல் தூங்குவாள். அவளைத் தூங்க விடுவதுதான் நான் செய்த பெரிய உதவி. வீட்டுக்காரன் கொடுத்த தவணை முடிவதற்குள் வேறு வீடு பார்க்க வேண்டியிருந்தது. பையன் இருப்பதைச் சொன்னதும் இரண்டு இடத்தில் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டுக்குப் போனபோது, அன்று பாப்பாவைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரப் பெண்மணியும் கூட வந்தார். தரகர் இழுத்தடித்தபோது, "என் அக்கா மகளும் இப்படித்தான், அவர்கள் எங்கே போய் வாழ்வது?" என்று அவர் போட்ட சத்தத்தில் சாவி கிடைத்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் குடும்பங்கள் கூடுகிற சனிக்கிழமைச் சந்திப்பு அந்தப் பெண்மணியின் அக்காவால்தான் தொடங்கியது. ஒரு தேவாலய மண்டபத்தைக் காலையில் திறந்துவிட்டார்கள். முதலில் மூன்று குடும்பம். ஒரு கிரேக்கத் தாய் மகனைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவாள். தாய்மார் பிள்ளைகளை மாறி மாறிப் பார்த்துக்கொள்வார்கள்; ஒருத்தி தலைமுடி வெட்டப் போவாள், ஒருத்தி சும்மா புல்லில் உட்கார்ந்திருப்பாள். போகப்போகக் குடும்பங்கள் கூடின. அதில் சிலர், "விடுதி மேட்ரன் இந்த இடத்தைச் சொன்னார்," என்றார்கள். மேட்ரன் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

பையனின் தகப்பன் மண்டபத்துக்குள் வரமாட்டார். இறக்கிவிட்டுப் போய், முடிந்ததும் வந்து ஏற்றிக்கொள்வார். ஒரு சனிக்கிழமை வெளியே புதிதாக ஒரு கார் நின்றது. இத்தாலியக் குடும்பம். தாய் சிறுமியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். புருஷன் இறங்கவில்லை, என்ஜினை நிறுத்தாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எங்கள் ஆள் அப்போதுதான் பையனை இறக்கிவிட்டுத் திரும்பினார். அந்தக் காரைப் பார்த்தார். தன் காருக்குப் போகாமல் அதன் பக்கம் நடந்தார்.

குனிந்து ஜன்னலில் ஏதோ சொன்னார். அந்த மனிதன் தலையைத் திருப்பிக்கொண்டான். அவர் விடவில்லை. காரைச் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கொஞ்சத்தில் என்ஜின் நின்றது. நான் மண்டப ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பையனின் தாயும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன பேசறாருங்க?" என்றாள்.

"கேக்கேல்லையே."

"எங்கிட்டகூட இவ்வளவு நேரம் பேசினதில்லை," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அன்று இத்தாலியன் உள்ளே வரவில்லை. அடுத்த வாரம் வந்தான். எங்கள் ஆளும் வந்தார். இருவரும் மண்டபத்துக் கதவுக்கு உயரமான தாழ்ப்பாள் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு புதிதாக ஒரு தகப்பன் காரை விட்டு இறங்காமல் இருந்தால் இவர்கள் இருவரில் ஒருவர் போவார்.

பையன் கடைசிவரை பேசவில்லை. பத்து வயதில் ஒரு விசேடப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தானே குளித்து, தானே சாப்பிட்டு, துவைத்த துணியை மடித்து வைக்கக் கற்றுக்கொண்டான். ஓடுவது மட்டும் நிற்கவில்லை. தகப்பன் அவனோடு சேர்ந்து ஓடிப் பழகினார். விடியற்காலையில் செவன் ஹில்ஸ் ஓவல் மைதானத்தைச் சுற்றி நெடிய ஒருவரும் குட்டையான ஒருவரும் ஓடுவதை அந்தப் பக்கத்து ஆட்கள் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். தகப்பனுக்கு மூட்டுத் தேய்ந்து நடக்கவே கஷ்டமான பிறகு, பையனின் தங்கச்சி சைக்கிளில் அவனோடு கூடப் போனாள்.